ஒரு விரற்கடை கயிறு

தன் மனைவி அமுதவல்லியைச் சென்னைக்கு ஆடப் போக விடுவதில்லை என்று சிங்காரம் முடிவு செய்தான். அந்த முடிவை அவளிடம் சொல்வதில்லை என்றும் அதே மூச்சில் முடிவு செய்தான். இரண்டில் இரண்டாவதுதான் உறுதியானது.

சொல்ல முடியாததற்குக் காரணம் அவன் வாய். நிச்சயதார்த்தத்தன்று, தாம்பூலத் தட்டுக்கு எதிரில் அமுதா கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் ஆடுவேன். அப்ப வேணாம்னு சொல்லக் கூடாது."

ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். சிங்காரம்தான் பேசினான். "ஆடட்டும். இன்னா, என் தலமேலயா ஆடப் போறா?" என்றான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மயங்கி, "எங்க வேணா ஆடட்டும்" என்று யாரும் கேட்காத ஒரு வார்த்தையையும் சேர்த்துப் போட்டான்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற அவர்கள் ஊரான தோணிரேவில் போட்ட வார்த்தையை எடுக்க முடியாது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை அங்கே பாடு என்பார்கள். சீட்டுப் போட்டு எடுப்பார்கள். நல்ல இடம் விழுந்தால் எறா என்கிற இறால். மோசமான இடம் விழுந்தால் பாசி. எது விழுந்தாலும் வாயைத் திறக்காமல் படகைத் தள்ள வேண்டும். வரிசையாகப் பாசியே விழுந்த ஒரு வருஷம், சிங்காரம் ஒரு முனகல் இல்லாமல் போய்வந்தான். "சீட்டுக்கு அடங்கினவன்" என்று அதனால் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. பெரிய பெயர் இல்லை. ஆனால் அவனிடம் இருந்த ஒரே பெயர்.

அமுதா ஆடுவது பரதமும் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. நவீன நடனம். கன்டெம்பரரி என்பார்கள். கல்யாணமான புதிதில் முதன்முறையாகப் பார்த்தபோது, அவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினான் சிங்காரம். முகத்தில் தெளித்தும்விட்டான். அது ஆட்டத்தின் மிக முக்கியமான இடமாம். இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

இப்போது பொன்னேரியில் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லித் தருகிறாள். கல்லூரியில் அவளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்த ஜெனிஃபர் மேடம் சென்னையில் சொந்தமாகக் குழு நடத்துகிறார். பொங்கல் கழிந்ததும் ஆள் எடுக்கிறார். தேர்வானால் திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கிப் பயிற்சி, பிறகு ஊர் ஊராக மேடை. சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம்.

போனவள் திரும்பி வருவாளா என்பதல்ல கேள்வி என்று சிங்காரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுதான் கேள்வி. ஐந்து நாள் அந்த வெளிச்சத்தில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு, ஆறாம் நாள் இந்த எறா வாசனையும், இவனும், தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம் கதவும் எப்படித் தெரியும்?

படகில் கூட வருகிற சாம்சனிடம் கேட்டான். அடுத்த வீடுதான். பெயரில் இருக்கிற பலம் உடம்பில் இல்லை. அறிவில் இருப்பதாக அவன் நம்பினான்.

"போவாதேன்னு சொல்லிடு மச்சான்."

"சொல்ல முடியாது."

"அப்ப போன்னு சொல்லு."

"அதுவும் வாயில வரல."

"ரெண்டும் வரலன்னா கர்த்தர் எதுக்குடா உனுக்கு வாய் வெச்சாரு?"

"கஞ்சி குடிக்க."

"அத்த மட்டும் செய்," என்றான் சாம்சன். அன்றைக்கு அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நல்ல யோசனை. சிங்காரம் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்த வாரம், கூரியரில் ஒரு பை வந்தது. உள்ளே ரப்பர் பட்டைகள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு.

"இன்னாமே இது? சைக்கிள் டியூப்புக்குக் கலர் அடிச்சு அனுப்பிக்கிறாங்க?"

"ரெசிஸ்டன்ஸ் பேண்ட் மாமா. மேடம் அனுப்பினாங்க. மஞ்சள் லேசு, கறுப்பு முரடு. கால்ல மாட்டிகினு இழுத்தா இடுப்புக்கும் தொடைக்கும் பலம் வரும். கையும் காலும் வேற வேற வேலை செய்யும்போது ஒண்ணை ஒண்ணு குழப்பாம இருக்கப் பழகும்."

"கையும் காலும் வேற வேற வேலை செய்யறதுக்கு இன்னா பழக்கம்? நான் காலால சுக்கான் பிடிச்சுகினே கையால வலை இழுக்கல?"

"அப்ப நீ பண்ணிக் காட்டு."

காட்டினான். பச்சைப் பட்டையின் ஒரு முனையை வாசல் கொட்டகையின் இரும்புத் தூணில் அவளே கட்டினாள். மறுமுனையை அவன் வலது கணுக்காலில் மாட்டினாள். காலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்க வேண்டும். அதே நேரத்தில் இடது கை எதிர்ப்பக்கம் ஒரு வட்டம் போட வேண்டும். கால் போனது. கை என்ன செய்வது என்று தெரியாமல் காலோடு போனது. பட்டை இரண்டையும் சேர்த்துத் திருப்பி அழைத்தது. சிங்காரம் வலைக் குவியலில் மல்லாந்து கிடந்தபோது, தூணிலிருந்து முடிச்சு கழன்ற பட்டை பறந்து வந்து அவன் கன்னத்தில் ஒன்று வைத்தது.

"சொம்புல தண்ணி கொண்டாரவா மாமா?" என்றாள் அமுதா. பழையதை அவள் மறந்திருக்கவில்லை.

எழுந்ததும் முடிச்சைத்தான் பார்த்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஷூவுக்குப் போடுகிற முடிச்சு. "ரப்பர் வழுக்கும். இத்த நேரா தூணுல கட்டக் கூடாது. நைலான் கயிறு ஒரு முழம் தூணுல சுத்தி, அதுல பட்டைய மாட்டணும்." சொல்லிக்கொண்டே கட்டிவிட்டான். அவள் இழுத்துப் பார்த்தாள். மலை மாதிரி நின்றது.

"நீ கட்டினா கழலாது மாமா. இனிமே நீதான் கட்டித் தரணும்," என்றாள். அவன் நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. சிமென்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். "நான் எப்பவும் இந்தக் கோட்டு மேல நிப்பேன். அதனால கயிறு நீளம் இப்படியே இருக்கட்டும். ஒரு விரற்கடை குறைஞ்சாலும் பட்டை கூட இழுபடும், பாரம் ஏறிடும். என்னால தாங்க முடியாது. அப்புறம் இந்த ஆட்டமே வேணாம்னு உக்காந்துடுவேன். தெரியாம கூட குறைச்சிடாதே."

"சேச்சே," என்றான் சிங்காரம்.

மறுநாள் மத்தியானம் அமுதா பள்ளியில் இருந்த நேரத்தில், ஒரு விரற்கடை குறைத்தான்.

செய்தபோது கை கொஞ்சம் கூசியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் எதையும் தடுக்கவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. வார்த்தை வார்த்தையாகவே இருக்கிறது. கயிறுதான் குறைந்திருக்கிறது. கயிற்றைப் பற்றி நிச்சயதார்த்தத்தில் யாரும் பேசவில்லை.

தினமும் இழுபடுகிற பொருளுக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வலைக்கயிறு இழுபட்டால் நைந்துபோகும். நங்கூரக் கயிறு முறுக்கு விட்டுப்போகும். எஞ்சினை முறுக்கி முறுக்கி ஓட்டினால் ஒருநாள் நடு ஏரியில் இருமிவிட்டு நிற்கும். இழுக்க இழுக்கப் பலமாகிற பொருள் எதையும் தோணிரேவில் அவன் பார்த்ததில்லை. பத்து வயதில் சின்ன வலையைக் கூட இழுக்கத் திணறியவன், இப்போது தண்ணீர் சொட்டும் பெரிய வலையை ஒரு கையால் சுருட்டுகிறான். அந்தக் கை அவன் தோளிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கிழிந்த வலையைப் பொத்துகிற சாக்கில் கொட்டகையில் உட்கார்ந்தான். அமுதா பட்டையைக் காலில் மாட்டிக் கோட்டில் நின்றாள். தூக்கினாள். கால் நடுங்கியது. நெற்றியில் வேர்வை பூத்தது.

"இன்னிக்கு இன்னாவோ பாரமா கீது மாமா."

"வேலை அலுப்பா இருக்கும். வுட்டுடேன். உடம்புதான் முக்கியம்."

"அதுவும் சரிதான்," என்று உட்கார்ந்தாள். சிங்காரம் ஊசியில் நூலைக் கோக்காமலே நாலு கண்ணி பொத்தினான். அவ்வளவு சந்தோஷம். தண்ணீர் குடித்துவிட்டு அவள் எழுந்து மறுபடி கோட்டில் நின்றாள். அந்த நாலு கண்ணியையும் அவன் திரும்பப் பொத்த வேண்டியதாயிற்று.

நாலைந்து நாளில் அந்த நடுக்கம் நின்றுவிட்டது. அவன் இன்னொரு விரற்கடை குறைத்தான். மறுபடி நடுங்கினாள். மறுபடி நின்றது. அவன் மறுபடி குறைத்தான். ஏரியில் காற்று மாறியது, மழை பிடித்தது, விட்டது. அவன் மட்டும் விடவில்லை. வாழ்க்கையில் எந்த வேலையையும் அவன் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. பாத்ரூம் தாழ்ப்பாளை மாட்டச் சொல்லி அவள் கேட்காத நாள் இல்லை. நாளைக்கு என்று அவன் சொல்லாத நாளும் இல்லை. கயிற்றுக்கு மட்டும் நாளைக்கு என்பதே கிடையாது.

ஒருநாள் கரையில் சாம்சன் அவன் காதைக் கடித்தான்.

"மச்சான், உங்கூட்டுல இன்னா சமையல்?"

"ஏன்டா?"

"ஐஸ் பெட்டிய நாம ரெண்டு பேர் தூக்குவோம்ல? இன்னிக்கு உம் பொண்டாட்டி ஒத்தையா தூக்கினு போயி வண்டியில வெச்சுது. வெச்சிட்டு என்னையப் பாத்து, நவுருங்கண்ணான்னுச்சு. நவுந்துட்டேன். நவுரலன்னா என்னையும் தூக்கி வெச்சிருக்கும்."

சிங்காரம் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கோபத்தில் ஒரேயடியாக இரண்டு விரற்கடை குறைத்தான். அன்று அவள் நிஜமாகவே கஷ்டப்பட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள். உள்ளே போய்த் தைலம் தடவிக்கொண்டாள். அவன் ஜெயித்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் காலில் மாட்டவில்லை. பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். தூணுக்கு முதுகைக் காட்டி முன்னால் நடந்தாள். பட்டை நீண்டுகொண்டே போனது. வாசல் விளிம்பு வரை போய், கைகளை விரித்து, உடம்பை முன்பக்கம் சாய்த்து நின்றாள். இதோ விழப் போகிறாள் என்கிற மாதிரி சாய்வு. விழவில்லை. பிறகு அடி அடியாகப் பின்னால் வந்தாள். போனதைவிட வருவதற்கு அதிக நேரம் ஆனது. முகத்தில் போகும்போது இல்லாத பாடு, வரும்போது தெரிந்தது.

"வர்றதுக்கு ஏம்மே இத்தினி கஷ்டப்படறே? சும்மா வுட்டா ரப்பரே இழுத்துகினு வந்துடுமே."

"இழுத்துகினுதான் வரும். எல்லாரும் அங்கதான் விழறாங்க. மேடம் சொல்வாங்க, போறது பாதி ஆட்டம்தானாம். ரப்பர் இழுத்து நான் வந்தா அது ரப்பரோட வேலை. நானா வந்தாத்தான் ஆட்டம்."

சொல்லிவிட்டு மறுபடி நடக்கப் போனாள். சிங்காரம் ஊசியைக் கீழே வைத்தான். அவள் போவதையும் வருவதையும் இருட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளாகத் தான் எதைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்று யோசித்தான். இவள் திரும்பி வர வேண்டும் என்றுதான் கயிற்றைக் குறைத்தான். இழுத்து வரவழைத்தால் அது கயிற்றின் வேலை என்கிறாள் இவள். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது வேறு கண்ணிலேயே நின்றது.

மறுநாள் மத்தியானம் முடிச்சை அவிழ்த்தான். குறைத்த நீளம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே கட்டினான். மனம் லேசாக இருந்தது. நல்லவனாக இருப்பது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் முன்பே இருந்திருக்கலாம்.

சாயங்காலம் அமுதா கோட்டில் நின்று காலைத் தூக்கினாள். கால் கூரையைப் பார்த்துப் பறந்தது. தொங்கிக்கொண்டிருந்த அரிக்கேன் விளக்கு நூலிழையில் தப்பியது. காலை இறக்கினாள். குனிந்து கயிற்றைப் பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கயித்தை யாரு தளர்த்தினது?"

சிங்காரம் வலையைப் பார்த்தான்.

"மாமா, உன்னத்தான். இத்தினி நாளா ஒழுங்கா ஏத்திகினு வந்துட்டு, செலக்ஷன் வர நேரத்துல இன்னா இப்படி? கை வலிக்குதா?"

அவன் வாய் கஞ்சி குடிக்கிற மாதிரி திறந்து மூடியது. "உனுக்கு... தெரியுமா?"

"முடிச்சுக்குக் கீழ கயித்து வால் ஒரு விரல் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு விரல். நேத்து ஒரு சாண். நீ வலையில ஒரு நூல் வால் வுட மாட்ட, பல்லால கடிச்சு எடுத்துடுவ. இத மட்டும் வெட்டாம வுட்டு வெச்சிருந்த. என்னிக்காவது திருப்பித் தரலாம்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தான் என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. "அப்ப ஏன் கேக்கல?"

"ஏன் கேக்கணும்? மேடம் சொன்னதே அதான். பச்சைப் பட்டைக்கும் நீலத்துக்கும் நடுவுல பெரிய தாவல். ஒரேயடியா மாத்தினா காயம் படும். கயித்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுகினு வா, உடம்புக்கே தெரியாம ஏத்துன்னாங்க. நானே கட்டினா வலிக்குதுன்னு எனக்கே சலுகை குடுத்துடுவேன். வேற ஆளு வேணும். தினம் பாத்து, நான் நடுங்கறது நின்னதும் குறைக்கற ஆளு."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா?"

அமுதா திரும்பிப் பாத்ரூம் கதவைப் பார்த்தாள். அது தாழ்ப்பாள் இல்லாமல் காற்றில் தானாக ஒருமுறை திறந்து மூடியது.

"அதான் குறைக்காதேன்னு சொன்னேன்," என்றாள்.

சாம்சன் வீட்டில் யாரோ மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினார்கள்.

"முந்தாநாளு ரெண்டு விரற்கடை குறைச்சே பாரு," என்றாள் அமுதா, குரலை இறக்கி. "அது மட்டும் தப்பு. முட்டி பிடிச்சுகிச்சு. கோவமா இருந்தியா?"

"ஆமாம்."

"எம்மேலயா?"

"ஐஸ் பெட்டி மேல."

அவள் சிரிக்கவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் போவக் கூடாதுன்னு இருந்தா ஏன் மாமா வாயால சொல்லல?"

"சொன்னா போவ மாட்டியா?"

"போவேன்."

"அப்ப எதுக்குச் சொல்றது?"

"நீ பயப்படறேன்னு எனக்குத் தெரியணும்ல? கயித்தைப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? முட்டி வலிச்சாத்தான் உம் மனசு புரியணுமா?"

சிங்காரம் வலைக்கண்ணி ஒன்றில் விரலை விட்டு எடுத்தான். பிறகு, "பயமாத்தான் கீது," என்றான். இரண்டே வார்த்தைதான். சொல்லி முடிக்கத்தான் அதிக நேரம் ஆனது.

"சரி," என்றாள். கொஞ்சம் கழித்து, "எழுந்து கயித்தைக் கட்டு. நேத்து இருந்த அளவு. அதுல ஒரு விரற்கடை மட்டும் தளர்த்திக் கட்டு, நீ ரெண்டு குறைச்சது ஜாஸ்தி," என்றாள்.

எழுந்து கட்டினான்.

பொங்கல் கழிந்ததும் இருவரும் சென்னைக்குப் போனார்கள். பெரிய கூடம். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உருண்டுகொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று அமுதா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

இடுப்பில் நீலப் பட்டையைப் போட்டு, பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் போய்ச் சாய்ந்து, திரும்ப வேண்டும். எல்லோரும் நன்றாகத்தான் போனார்கள். திரும்புகிறபோது ஒருவன் தடுமாறினான். ஒரு பெண் பட்டை இழுத்த வேகத்தில் பிடித்திருந்தவர்கள் மேலேயே போய் விழுந்தாள். அமுதா போனாள். விழுந்துவிடுவாள் என்கிற இடம் வரை சாய்ந்தாள். சிங்காரத்தின் கை தானாகவே சொம்பைத் தேடியது. அவள் அங்கேயே நின்று, விரல் நுனி வரை விரிந்து, யாரும் கூப்பிடாத மாதிரி, யாரும் இழுக்காத மாதிரி, தானாகத் திரும்பி வந்தாள். பிடித்திருந்த இரண்டு பேருக்குத்தான் மூச்சு வாங்கியது.

சீட்டு விழுந்துவிட்டது என்று சிங்காரத்துக்குத் தெரிந்தது. அவன் முனகவில்லை.

ஜெனிஃபர் மேடம் அவனிடம் வந்தார். "கயிறு கட்டினது நீங்கதானா? அளவு அவ்வளவு சரியா ஏத்தியிருக்கீங்க. எப்படிப் பிளான் பண்ணினீங்க?"

"பிளான் எல்லாம் இல்ல மேடம்," என்றான் சிங்காரம் நேர்மையாக. "கெடுக்கணும்னுதான் கட்டினேன்."

நல்ல நகைச்சுவை உணர்ச்சி உள்ளவர் என்று மேடம் அமுதாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட்டான். சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மாமா, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நான் இல்லாதப்ப அந்தப் பாத்ரூம் தாழ்ப்பாளைத் தொடக் கூடாது. உனுக்கு அது வராது. ஆளு வெச்சுப் பாத்துக்கலாம்."

"எனுக்கா வராது?" என்றான். பஸ் போய்விட்டது.

வழி முழுக்க அவனுக்கு ஆறவில்லை. புயலில் படகைக் கட்டுகிறவனுக்கு ஒரு தாழ்ப்பாள் வராதா? வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், சாம்சனிடம் திருப்புளி வாங்கி வந்தான். கதவைச் சீவினான். தாழ்ப்பாளை மாட்டினான். மூன்று முறை போட்டு எடுத்துப் பார்த்தான். கச்சிதமாக விழுந்தது. கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தபோதுதான், அவன் கை அப்படியே நெற்றியில் நின்றது.

போன் அடித்தது.

"பொன்னேரி தாண்டிட்டேன் மாமா. முடிச்சிட்டியா?"

"எத்த?"

அந்தப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது.

"முடிச்சிட்டேன்," என்றான்.

"சரி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்கு வருவேன். நானே நடந்து வந்துடுவேன். நீ ஸ்டாண்டு பக்கம் வரவே கூடாது, ஆமாம்."

"எனக்கு இன்னா தலையெழுத்தா? வரவே மாட்டேன்," என்று கறாராகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, சனிக்கிழமைக்கு பைக் இரவல் கேட்க சாம்சன் வீட்டுக்குப் போனான் சிங்காரம்.